ஐந்து விரல் கணக்கு

இயந்திரமும் ஒரு நபர்தானா என்று உலகத்து அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். 2017 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் ‘மின்னணு நபர்’ என்றொரு தகுதியைப் பரிசீலிக்கச் சொன்னது. அக்டோபரில் சவூதி அரேபியா சோஃபியா என்ற ரோபோவுக்குக் குடியுரிமையே அறிவித்தது. அங்கே கூலிக்குப் போன நம் ஆட்களுக்கு ஆயுசெல்லாம் உழைத்தாலும் எட்டாத பாக்கியம் அது.

மனிதனைத் தாண்டிச் சிந்திக்க வேண்டுமாம். பேஷ்! உத்திரமேரூர்ப் பக்கம் இயந்திரம் எப்போதோ தாண்டிவிட்டது. ரேஷன் கடைக்கு வந்து பாருங்கள். நாற்று நட்டே ரேகை தேய்ந்த ஆயா கட்டை விரலை வைக்கிறாள். “விழல.” ஆள்காட்டி விரல். “விழல.” முந்தானையில் துடைத்துத் துடைத்து ஐந்தையும் வைத்தாயிற்று. “நாளைக்கு வா ஆயா.” அங்கன்வாடிக்கு 2025 ஜூலையில் வந்த விதி இன்னும் ஒரு படி மேலே: செயலியில் உள்ள முகத்தோடு கர்ப்பிணியின் முகம் ஒத்துப்போனால்தான் வீட்டுக்குச் சத்துமாவு. இயந்திரம் ஆளா என்று நீங்கள் விவாதித்து முடிப்பதற்குள், ஆயா ஆளா என்று அது தீர்ப்பே சொல்லிவிட்டது.

சரி, அதற்கும் ஒரு பதவி கொடுப்போம். விதிமுறை நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலேயே இருக்கிறது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919ல் வந்து 921ல் திருத்தப்பட்ட, ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கும் குடவோலைச் சட்டம். கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது. நிலமற்றவனையும் வேதம் படிக்காதவனையும் வெளியே நிறுத்திய சட்டம்தான். அந்த அநியாயத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அந்தச் சட்டத்துக்கும் ஒரு மானம் இருந்தது. கணக்குக் காட்டாதவன் பெயர் ஓலையில் ஏறக்கூடாது. அவன் உறவுக்காரன் பெயரும் கூடாது. ஓலைகள் போட்ட குடத்தில் கையை விட்டது ஒன்றும் அறியாத சிறுவன். எடுத்த ஓலையை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி, சபையறிய வாசிக்க வேண்டும்.

அன்று விரலை விரித்துக் காட்டியது அதிகாரம். இன்று ஆயா விரிக்கிறாள். அதிகாரம் முஷ்டியை மூடிக்கொண்டு ‘சர்வர் இல்லை’ என்கிறது.

இயந்திரத்துக்கு உரிமை கேட்கும் பெரியோர்களே, மறுத்த அரிசிக்கு முதலில் அது கணக்குக் காட்டட்டும். செய்தவன், விற்றவன், ஆணை போட்டவன் எல்லாரும் அதன் உறவுக்காரர்கள், அவர்களும் காட்டட்டும். அதுவரை அந்தக் குடும்பத்தில் ஒருவர் பெயரும் குடத்துக்குள் போகக்கூடாது.