அப்பிச்சிக்கு வந்ததும் மாமாவுக்கு வந்ததும்

1984இல் கோபிச்செட்டிபாளையம் பக்கம் யாருக்காவது கண் மஞ்சளித்தால் முதல் மருந்து கீழாநெல்லிதான். அம்மாவின் அப்பாவான என் அப்பிச்சிக்கும் அதை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தோம். எண்ணெய், புளி, உப்பு எல்லாம் நிறுத்தினோம். வலி இல்லாத காமாலை என்பதால் யாரும் பயப்படவில்லை. உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, மலம் வெளுத்த பிறகுதான் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார்கள். வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள், பித்தநாளத்தில் கட்டி, எடுக்க முடியாது என்று தைத்து அனுப்பினார்கள். "ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, கேக்கறதைக் குடுங்க" என்றார் டாக்டர். அன்றைக்கு உலகின் எந்த ஊரிலும் இந்த நோய்க்கென நிலைபெற்ற மருந்து கிடையாது.

1998 முதல் கோவையில் டாக்டர் சி. பழனிவேலு, கணையத்தின் தலைப்பகுதியையும் பித்தநாளத்தின் கீழ்ப்பகுதியையும் அகற்றும் பெரிய அறுவையைச் சிறு துளைகள் வழியாகவே செய்து காட்டினார். ஆனால் அறுவை செய்யக்கூடிய கட்டத்தில் வந்து சேர்கிறவர்கள் குறைவு. மற்றவர்களுக்கு எந்த மருந்து என்பது 2010இல்தான் தெளிவானது. பிரிட்டனில் 410 பேரிடம் நடந்த ஆய்வில், ஜெம்சிடபின் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 8.1 மாதம், சிஸ்பிளாட்டினும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 11.7 மாதம்.

அப்பிச்சியின் மகனான என் மாமாவுக்கு 2022இல் காமாலையே வரவில்லை. பசி குறைந்தது, உடம்பு இளைத்தது, வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம். ஸ்கேனில் ஈரலுக்குள்ளேயே பித்தநாளக் கட்டி தெரிந்தது. ஊசி வழியாகச் சதை எடுக்கும்போதே, "ஜீன் டெஸ்டுக்கும் சேத்து எடுத்துக்கறோமுங்க" என்றார் டாக்டர். கீமோ நடந்துகொண்டிருந்தபோது ரிப்போர்ட் வந்தது. எஃப்ஜிஎஃப்ஆர்2 என்ற மரபணு உடைந்து வேறொரு மரபணுவோடு ஒட்டியிருந்தது.

அப்போது மாமா மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டமும் (குலப்பிரிவும்) குலதெய்வமும் விசாரித்துச் சம்பந்தம் பேசுகிற ஊர். "ஏனுங்க டாக்டர், மாமனாருக்கும் இதே நோவுதானுங்க. புள்ளைக்கும் வருமுங்களா?" என்று கேட்ட அத்தையின் குரல் நடுங்கியது. "இது பொறவியில வந்ததில்லீங்கம்மா. கட்டிக்குள்ள மட்டும் நடந்த மாத்தம். புள்ளைக்குப் போகாதுங்க" என்றார் அவர். பிஆர்சிஏ போன்ற சில மரபணு மாற்றங்கள் பரம்பரையாக வரலாம். அவற்றுக்குச் சோதனை தனி.

தொட்டி நிரம்பிய பிறகும் நிற்காத மோட்டார் போல, உடைந்து ஒட்டிய அந்த மரபணு செல்லைப் பெருகச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதை அடக்கும் பெமிகாட்டினிப் மாத்திரைக்கு அமெரிக்கா 2020 ஏப்ரலில் அனுமதி அளித்தது. அதற்கு முந்தைய ஆய்வில் இந்த மாற்றம் உள்ள 107 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலானவர்களுக்குக் கட்டி சுருங்கியது. அந்த மரபணுக் குடும்பத்தில் மாற்றமே இல்லாதவர்களில் ஒருவருக்குக்கூடச் சுருங்கவில்லை. ஐடிஹெச்1 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் ஐவோசிடெனிப்; அது கட்டியைச் சுருக்குவதைவிட வளரவிடாமல் பிடித்துவைக்கிறது. கேராஸ், டிபி53 மரபணுக்கள் மாறியிருந்தால் நோய் பொதுவாக முரட்டுத்தனமாகப் போகிறது. எஃப்ஜிஎஃப்ஆர்2 மாற்றத்தோடு டிபி53உம் கெட்டிருந்தால் மாத்திரையின் பலன் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. ஒரே பெயரில் வருகிற நோய், ஆளுக்கு ஆள் வேறு நோயாக இருக்கிறது.

பெமிகாட்டினிப் மாத்திரையில் மாமாவுக்குக் கட்டி சுருங்கியது. மகளின் கல்யாணத்தில் அவரே தாரைவார்த்துக் கொடுத்தார். பிறகு அதே மரபணுவில் புது மாற்றங்கள் முளைத்து மருந்தை எதிர்த்தன. மாத்திரைக்காக ஒரு ஏக்கர் காடு கைமாறியது. அப்பிச்சி காலத்தில் விற்கக் காடு இருந்தது, வாங்க மருந்து இல்லை. இன்று மருந்து இருக்கிறது. விற்கக் காடு இல்லாதவர்களே அதிகம்.

ஆகவே கொங்கு நாட்டுச் சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலும் வலியில்லாமல் காமாலை வந்தாலும் உடனே ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். பித்தநாளப் புற்று என்றால், எடுத்த சதை ஜீன் டெஸ்டுக்குப் போதுமா என்று கேளுங்கள். ஈரலுக்குள் தோன்றும் பித்தநாளப் புற்றில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மாமாவுக்கிருந்த மாற்றம் இருக்கும். அந்தப் பத்தாவது ஆள் திருப்பூர் பனியன் கம்பெனியில் தினக்கூலி வாங்குகிறவராக இருந்தாலும் சோதனையும் மாத்திரையும் அவர் கைக்கு எட்ட வேண்டும். அரசிடம் நாம் கேட்க வேண்டியது அதைத்தான்.