இறக்கினது இறக்கியாச்சு!

பழைய காரை வாங்கிச் சரிசெய்து ஓட்டுகிறவனுக்குத் தெருவில் ஒரு மரியாதை உண்டு. வீட்டில்தான் கிடையாது. வழியில் போகிறவர் நின்று, "அட, மாருதி எய்ட் ஹண்ட்ரடுங்களா! இன்னும் ஓடுதுங்களா?" என்று கேட்பார். வீட்டிலும் அதே கேள்விதான் கேட்பார்கள். ராகம் மட்டும் வேறு.

என்னுடையது 1996 மாடல் மாருதி 800. கார்புரேட்டர், நாலு கியர், பன்னிரண்டு அங்குலச் சக்கரம், குளிர்காலத்தில் இழுத்துப் பிடிக்க ஒரு சோக் குமிழ். இதை நான் "ஜப்பான் கார்" என்று சொல்லும்போதெல்லாம் என் மச்சினன் சிரிப்பான். "குர்காவ்ல பொறந்தது எப்படி மாமா ஜப்பான் ஆகும்?" என்பான். குலம் கோத்திரம் பார்த்தால் இது சுசுகி ஆல்ட்டோதான். 1983 டிசம்பர் 14 அன்று ஹர்பால் சிங் என்பவரிடம் முதல் மாருதியின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். சாலையில் அம்பாசிடரும் பத்மினியும் மட்டும் ராஜ்ஜியம் நடத்திய காலம் அது. 1986இல் 800 புது உருவம் எடுத்தது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. நடுவில் இந்தியக் குடும்பங்களில் பாதிப் பேருக்கு கிளட்ச் என்றால் என்ன என்று சொல்லிக் கொடுத்ததே இந்த வண்டிதான்.

என் வண்டிக்கு இருந்த பெரிய நோய் புகை. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை தெருமுனை வரை போகும். கார்ப்பரேஷன் கொசு மருந்து வண்டி மாதிரி இருக்கிறதென்று பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வருவார்கள். எதிர்வீட்டு அம்மா ஒருநாள் அவசர அவசரமாக ஜன்னலைத் திறந்து வைத்தார், உள்ளே இருக்கிற கொசுவும் சாகட்டுமே என்று. நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். பிஸ்டன் ரிங்கும் போரும் தேய்ந்துபோய், கீழே இருக்க வேண்டிய ஆயில் மேலே ஏறி, பெட்ரோலோடு சேர்ந்து வேகிறது. இதற்கு இரண்டு வைத்தியம். பிளாக்கைக் கழற்றிக் கொண்டுபோய் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். அல்லது இன்ஜினையே மாற்றிவிடலாம். முதலாவதுதான் நியாயமானது. மச்சினனுக்கு நியாயத்தில் நாட்டம் கிடையாது.

"ஜென் இன்ஜின் போட்டுடலாம் மாமா" என்றான்.

அவன் சொன்னதில் பொருள் இல்லாமல் இல்லை. 800இல் இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர், சுமார் 39 குதிரைத்திறன். 1993இல் வந்த மாருதி ஜென்னில் 993 சிசி, நாலு சிலிண்டர், அலுமினிய இன்ஜின், 50 குதிரைத்திறன், ஐந்து கியர். ராலி ஓட்டுகிறவர்கள் இந்த மாற்றத்தைப் பல காலமாகச் செய்துவருகிறார்கள். துணிந்தவர்கள் எஸ்டீமின் 1.3 லிட்டர் இன்ஜினையே உள்ளே திணிப்பார்கள். போதாக்குறைக்கு நாங்கள் இருப்பது கோயம்புத்தூர். 800இன் இன்ஜினை எடுத்து ஃபார்முலா மாருதி என்று ஒரு பந்தய காரையே வடிவமைத்தவர் இந்த ஊர் கரிவரதன். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ஸ்பீட்வேக்கு அவர் பெயர்தான். 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் வீரரான நரேன் கார்த்திகேயனும் ஃபார்முலா மாருதி ஓட்டி வந்தவர்தான். இத்தனை பெருமையுள்ள ஊரில் பிறந்துவிட்டு ரிங் மாற்றிக்கொண்டு இருப்பதா என்பது மச்சினனின் வாதம்.

என் மனைவி கணக்கில் புலி. "ஏனுங்க, அம்பதுல முப்பத்தொம்பது போனா பதினொண்ணு. பதினொரு குதிரைக்காகவா இத்தனை கூத்து?"

பதினொரு குதிரை சும்மா வருவதில்லை என்பது விசாரித்தபோதுதான் தெரிந்தது. ஒரு சிலிண்டர் கூடுதல் என்பதால் இன்ஜின் நீளம் கூடும். பழைய மவுண்டிங் எதுவும் சேராது. புதிதாக வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். கியர்பாக்ஸும் கூடவே வரும். கியர்பாக்ஸ் மாறினால் ஆக்சில் பொருந்தாது. ரேடியேட்டர் பெரிதாக வேண்டும். வேகம் கூடினால் பிரேக்கும் கூட வேண்டும். கடைசியில் பழைய காரில் மிஞ்சுவது ஹார்ன் மட்டும்தான்.

இவ்வளவையும் தாண்டிவிடலாம் என்றுதான் இருந்தோம். எங்கள் தெரு வக்கீலைத் தாண்ட முடியவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு என்று ஆரம்பித்தார். ஆர்.சி. புக்கில் உள்ள விவரங்கள் கம்பெனி சொன்ன விவரங்களுக்கு மாறாகிவிடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்துவிட்டது என்றார். "796 சிசின்னு எழுதியிருக்கிற இடத்துல 993 சிசி உட்கார முடியாதுங்க. நாளைக்கு ஒரு ஆக்சிடென்ட் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் முதல்ல பானெட்டைத்தான் திறப்பான். ஜென் இன்ஜின் போட்டு செட்டிபாளையம் டிராக்குக்குள்ள சுத்தணும்னா சொல்லுங்க, தாராளமா போடுங்க. அவினாசி ரோட்டுக்கு வேண்டாம்" என்று முடித்தார். ஃபீஸ் வாங்கவில்லை. அதனால் அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

ஆக, அதே 796 சிசி இன்ஜினில் நல்லதாக ஒன்று பார்த்துப் போடுவது என்றாயிற்று. அதாவது, 39 குதிரையை இறக்கிவிட்டு 39 குதிரையை ஏற்றுவது. இதை என் அம்மாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே! "பழைய இன்ஜினை எடுத்துட்டு இன்னொரு பழைய இன்ஜினா? அதுக்கு இதையே வெச்சுக்கலாமில்ல?" என்று கேட்டார். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை எப்படியோ, எங்களுக்கு உக்கடம் அப்படி. அங்கே இன்ஜின் விற்கிறவர் எந்த இன்ஜினைக் காட்டினாலும் "லேடி டாக்டர் ஓட்டுன வண்டிங்க, கிளினிக்குக்கும் வீட்டுக்கும் மட்டுந்தான்" என்பார். அந்தக் கடைகளில் அடுக்கிவைத்திருக்கும் இன்ஜின்களை வைத்துப் பார்த்தால், கோவை லேடி டாக்டர்கள் ஒவ்வொருவரும் ஆளுக்கு நாற்பது கார் வைத்திருந்திருக்க வேண்டும். எங்கள் மெக்கானிக் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர். ஆயில் மூடியைக் கழற்றி அடிப்பக்கம் பார்த்தார். அங்கே வெள்ளையாகக் கொழகொழவென்று இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம் என்று அர்த்தம். பிறகு பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு, பையனை விட்டு முன்பக்கப் புல்லியை ஸ்பானர் போட்டுச் சுற்றச் சொன்னார். விரலை உள்ளிருக்கும் காற்று தள்ள வேண்டும். தள்ளியது. "கம்ப்ரஷன் இருக்குதுங்ணா" என்றார். மூன்று சிலிண்டருக்கும் மூன்று முறை விரல் வைத்துத்தான் ஒப்புக்கொண்டார். ரசீதில் இன்ஜின் எண்ணையும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதையும் எழுதி வாங்கினோம். அது இல்லாவிட்டால் நாளைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் நாம்தான் திருடன்.

வீட்டில் கிரேன் கிடையாது. போர்ட்டிகோ கூரையில் ஊஞ்சலுக்குப் போட்ட கொக்கி இருந்தது. மெக்கானிக் முதலில் அதில் தானே தொங்கிப் பார்த்தார். பிறகு மச்சினனையும் சேர்த்துத் தொங்கவிட்டார். அதன் பின்தான் செயின் பிளாக்கை மாட்டினார். அந்த வாரம் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்கும் விஷயமாகப் பேச வந்த உறவினர்கள், ஊஞ்சல் இருந்த இடத்தில் சொட்டச் சொட்ட இன்ஜின் தொங்குவதைப் பார்த்துவிட்டு, வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள்.

ஸ்பானர் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் ஊர்க் கடைகளில் செட்டாக விற்கும் ஸ்பானர்கள் ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் பதினொன்று. அடுத்தது பன்னிரண்டு, பதின்மூன்று. அதற்கடுத்தது பதினான்கு, பதினைந்து என்று இருக்கும். ஜப்பான்காரன் பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினேழு என்ற நாலு அளவிலேயே காரை ஏறக்குறைய முடித்துவிட்டான். அதனால் காசு கொடுத்து வாங்கிய செட்டில் பாதிக்கு வேலையே இல்லை. பதினொன்றும் பதின்மூன்றும் வாங்கியபோது இருந்த பளபளப்பு மாறாமல் இன்னும் இருக்கின்றன. அதே சமயம், தேடும் நேரத்தில் கிடைக்காமல் போவது எப்போதும் பத்துதான்.

இன்ஜின் தரைக்கு வந்ததும், தமிழில் இதுவரை சொல்லப்பட்டதிலேயே செலவு மிகுந்த வாக்கியத்தை மெக்கானிக் சொன்னார்.

"இறக்கினது இறக்கியாச்சு, கிளட்ச் பிளேட்டையும் மாத்திடலாமுங்ணா."

நியாயம்தான். கிளட்ச் மாற்ற மறுபடியும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். மாற்றினோம். இறக்கினது இறக்கியாச்சு, டைமிங் பெல்ட். இறக்கினது இறக்கியாச்சு, வாட்டர் பம்ப். இறக்கினது இறக்கியாச்சு, ஆயில் சீல், ரேடியேட்டர் ஹோஸ், மவுண்டிங் ரப்பர். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை. கூட்டிப் பார்க்கக் கூடாது. என் மனைவி கூட்டிப் பார்த்தாள்.

இன்ஜின் இல்லாத வண்டியைப் பார்க்க வந்த டிங்கரும் அதே ராகத்தைப் பிடித்தார். டிரைவர் காலடி மேட்டைத் தூக்கியதும் போர்ட்டிகோ தரை தெரிந்தது. 800க்குத் துரு பிடிக்கும் இடங்கள் ஊரறிந்தவை. மேட்டுக்கடியில் தண்ணீர் தங்கித் தரைத் தகடு போகும். பேட்டரி ஆசிட் சொட்டி அதன் தட்டு போகும். கதவின் அடி விளிம்பு போகும். முன்பு வைத்திருந்தவர் தரை ஓட்டையைத் தகடு வைத்து அடைக்காமல், செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து மேலே பட்டி பூசியிருந்தார். டிங்கர் சுரண்டச் சுரண்ட, ஒரு திரைப்படத்தின் வெற்றிகரமான ஐம்பதாவது நாள் விளம்பரம் வெளியே வந்தது. அந்தப் படம் பிழைத்ததோ இல்லையோ, அதன் விளம்பரம் என் காரைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பழைய தகட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தார். திருப்பூர் பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை துடைத்தே தீர்ந்தது.

வேலை நடந்த நாளெல்லாம் கேட் பக்கம் ஆள் நிற்காத நேரமே இல்லை. வேறு எந்தக் காரைப் பிரித்திருந்தாலும் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். இது 800 என்பதால் எல்லோருக்கும் பாத்தியதை. பால்காரர், கூரியர் பையன், கேஸ் கொண்டுவருகிறவர் என்று யார் வந்தாலும் "எங்க மாமாகிட்ட ஒண்ணு இருந்துச்சுங்க" என்றுதான் தொடங்குவார்கள். மாமா எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு பழனிக்குப் போயிருப்பார். குன்னூர் மலையேறும்போது ஏ.சி.யை அணைத்தால்தான் வண்டி நகர்ந்திருக்கும். அணைக்கக் கூடாது என்று அத்தை சண்டை போட்டிருப்பார். கதையைச் சொல்லி முடித்ததும் மெக்கானிக்குக்கு ஒரு யோசனையும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்தக் கூட்டத்தில் உண்மையாகவே விஷயம் தெரிந்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாய் திறக்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் ஏறி, கேஸ்கட்டுக்கு அனபாண்ட் பசை பூசி, ஆயில் ஊற்றி, சாவி போட்ட அன்று வண்டி கிளம்பவில்லை. டொப்பென்று ஒரு சத்தம் போட்டுக் கார்புரேட்டர் வழியாகத் தும்மியது. மறுபடி சாவி போட்டால் மறுபடி தும்மல். மெக்கானிக் பெட்ரோலைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பெரியவர் எழுந்து வந்து, "பிளக் வயரை மாட்டுனது யாருங்க தம்பி?" என்று கேட்டார்.

மச்சினன் கையைத் தூக்கினான். டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றி ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக மாட்டியிருந்தான். "இந்த இன்ஜின் ஒண்ணு, மூணு, ரெண்டுன்னுதான் வெடிக்கும்" என்றார் பெரியவர். பி.காம். படித்தவன் மனம் ஒப்பவில்லை. "ஒண்ணுக்கு அடுத்து ரெண்டுதானுங்களே?" என்று கேட்டான். இரண்டு வயரை இடம் மாற்றினார்கள். அரைச் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கே உரிய நடுக்கத்தோடு கண்ணாடியெல்லாம் கிடுகிடுக்க நின்றது. பின்னால் போய்ப் பார்த்தேன். புகை இல்லை. எதிர்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருந்து ஏமாந்து போனார்.

மிச்சம் இருந்தது காகித வேலை. இன்ஜின் மாறினால் தகவல் கொடுத்து, ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்ற வேண்டும். பிளாக்கில் குத்தியிருக்கும் எண்ணின் மேல் பென்சிலைத் தேய்த்து, டேப் ஒட்டி உரித்து, அதைத் தாளில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். அந்த எண் இருக்கும் இடத்துக்குக் கை நுழைந்தால் பென்சில் நுழையாது. பென்சில் நுழைந்தால் கண் நுழையாது. இன்ஜினைக் கீழே வைத்திருந்தபோதே எடுத்திருந்தால் இரண்டு நிமிஷ வேலை. இறக்கினது இறக்கியாச்சு என்று எல்லாவற்றையும் நினைவுபடுத்திய மெக்கானிக் இதை மட்டும் சொல்லவில்லை, இதில் மாற்றுவதற்குச் சாமான் எதுவும் இல்லை என்பதாலோ என்னவோ. பதினைந்து வயது தாண்டிய கார் என்பதால் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் தனி, பசுமை வரி தனி. ஐந்து வருஷத்துக்குக் கவலை இல்லை.

இப்போது வண்டி நன்றாக ஓடுகிறது. குன்னூர் ஏற்றத்தில் ஏ.சி.யை அணைக்கத்தான் வேண்டியிருக்கிறது. 39 குதிரை 39 குதிரைதான். உங்களுக்கும் இப்படி ஒரு ஆசை இருந்தால், முதலில் காலடி மேட்டைத் தூக்கிப் பாருங்கள். அடுத்து ஆர்.சி. புக்கைப் பாருங்கள். பானெட்டைக் கடைசியில் திறந்தால் போதும். பணத்தை மிச்சப்படுத்த இதைவிட மோசமான வழி இல்லை. பொழுது போகவில்லை, அக்கம்பக்கத்தில் யாரும் வந்து பேசுவதில்லை என்று குறைப்படுகிறவர்கள் மட்டும் தாராளமாக இறங்கலாம்.