காசி ரோடு

சாலைகளுக்கு எண் போடும் பொறுப்பைக் கணக்குத் தெரிந்தவர்களிடம் விட்டது தப்பு என்பது என் கட்சி. வாரணாசியில் கிளம்பி ஆறு மாநிலங்களைக் கடந்து கன்னியாகுமரியில் முடிந்த 2,369 கிலோமீட்டர் சாலைக்கு முன்பு தேசிய நெடுஞ்சாலை 7 என்று பெயர். 2010இல் எண்களைக் கலைத்துப் போட்டார்கள்: தெற்கு வடக்காகப் போனால் இரட்டைப்படை, கிழக்கு மேற்காகப் போனால் ஒற்றைப்படை. விதியில் குறையில்லை. ஆனால் மத்தியப் பிரதேசத்து லக்னாதோனுக்குத் தெற்கே இருந்த நம் பங்கு, ஸ்ரீநகரிலிருந்து இறங்கி வரும் 44உடன் சம்பந்தம் செய்துகொண்டது. காசிப் பக்கத்துத் துண்டு பாகப்பிரிவினையில் நாலைந்து எண்ணாகச் சிதறியது. 7 என்ற எண்ணோ பஞ்சாப் ஃபாசில்காவில் தொடங்கி, பத்ரிநாத்தைத் தாண்டி மானா வரைக்கும் போய் மலையேறிவிட்டது. காசிக்கு மறுபடியும் ஒரே எண் வேண்டும். அதன் தென்முனை எங்கள் ஊர் திருப்பனந்தாளாக இருக்க வேண்டும்.

ராமேஸ்வரம் இருக்கத் திருப்பனந்தாள் எதற்கு என்பார்கள். ராமேஸ்வரத்துக்கும் காசிக்கும் இடையே நடப்பது யாத்திரை. இங்கே நடப்பது நிர்வாகம். 17ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்துக் குமரகுருபரர் காசிக்குப் போய் மடம் கட்டினார். அடுத்த நூற்றாண்டில் தலைமை இடம் திருப்பனந்தாளுக்கு வந்தது. இன்றும் மடத்துத் தலைவர் இருப்பது மண்ணியாற்றுப் பக்கம், பட்டம் 'காசிவாசி'. இதைவிட உறுதியான முகவரிச் சான்று எந்தத் தாலுகா ஆபீஸில் கிடைக்கும்? பாதுஷாவைப் பார்க்கக் குமரகுருபரர் சிங்கத்தின் மேல் ஏறிப் போனார் என்பது மரபு. இன்றைக்கென்றால் டோல்கேட்டில் சிங்கத்தின் நெற்றியில் ஃபாஸ்டேக் ஒட்டச் சொல்வார்கள்; ஒட்டப் போகிறவர் யார் என்பதுதான் பிரச்சினை.

பழைய 7 தஞ்சாவூர்ப் பக்கமே வரவில்லை, சேலம் கரூர் வழியாகப் போய்விட்டது, அதை இவ்வளவு தூரம் கிழக்கே வளைக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. நழுவிய சேலையை விட முடியாமல் மாலையோடு தவித்த தாடகை என்ற பெண்ணுக்காகச் சுவாமியே தலை சாய்த்துக் கொடுத்த ஊர் திருப்பனந்தாள். அப்படிச் சாய்ந்து, யானைகள் இழுத்தும் நிமிராத லிங்கத்தைத் தன் கழுத்தில் கயிற்றைக் கட்டி இழுத்து நிமிர்த்தியவர் குங்கிலியக் கலயர், தனி ஆளாக. எங்கள் ஊரில் வளைப்பதற்கும் நிமிர்த்துவதற்கும் முன்னுதாரணம் உண்டு. விக்கிரவாண்டி தஞ்சாவூர் நாலுவழிச் சாலையை எத்தனையோ இயந்திரங்களோடு வருஷக்கணக்கில் போட்டவர்கள் கலயரிடம் பாடம் கேட்டிருக்கலாம்.

முழு நீளமும் யார் போகப்போகிறார்கள் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் ஊர் வழியே ஏற்கெனவே இருக்கும் தேசிய நெடுஞ்சாலை 36 விக்கிரவாண்டியில் தொடங்கி மானாமதுரையில் முடிகிறது. மாநில எல்லையை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அதைத் தேசியம் என்றால் யாரும் சிரிப்பதில்லை. அதில் ஏறுகிற எங்கள் ஜனத்தில் பாதிப் பேர் கும்பகோணத்தில் இறங்கிவிடுவார்கள். அறுவடை வந்தால் டெல்டாச் சாலைகளில் ஒரு பக்கம் நெல் காயும், இன்னொரு பக்கத்தில்தான் தேசம் போகும். காசி ரோடு வந்தாலும் அந்த ஏற்பாடு மாறாது. லாரிக்காரர்கள் ஒதுங்கித்தான் போக வேண்டும்.