ஓணானுக்கு ஒரு வாய்

நேற்று சாயங்காலம் சித்தப்பா வந்தார். காய்ச்சலில் கிடந்து அன்றைக்குத்தான் எழுந்து, போர்வையோடு சோபாவில் உட்கார்ந்திருந்தேன். என்னைத் தாண்டி நேராகப் போனவர், கண்ணாடிப் பெட்டியை மோதிரக் கையால் டொக் டொக் என்று தட்டி, "என்னடா, சாப்பிட்டியா?" என்றார். கேட்டது ரெக்ஸிடம். ரெக்ஸ் எங்கள் வீட்டு பியர்டட் டிராகன், தாடி ஓணான். அது தொண்டையை உப்பி, தாடியைக் கன்னங்கரேல் என்று ஆக்கிக்கொண்டு அவரை முறைத்தது. என் மனசில் இருந்ததும் அதுதான். எனக்குத் தாடி கறுக்காது, நரைத்துவிட்டது.

"இப்ப சாப்பிடுது சித்தப்பா" என்றேன். "அப்படியா? எப்படிச் சாப்பிட வச்சீங்க?" என்றார். அதை எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். நோயில் விழுந்து பட்டினி கிடந்த பிராணிக்கு மறுபடி பசி எடுக்க வைத்தது எப்படி என்பது நாலு பேருக்கு உபயோகப்படும். சுருக்கமான விஷயம். சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டையிலிருந்து வீடியோ காலில் ரெக்ஸை முதன்முதலில் பார்த்தபோது, "ஏம்ப்பா, ஓணானையா பிடிச்சு வீட்டுக்குள்ள வச்சிருக்க?" என்றாள். வம்சம் ஒன்றுதான், மறுக்க முடியாது. நம்மூர் வேலி ஓணானும் இந்த ஆஸ்திரேலியத் தாடி ஓணானும் அகாமிடே என்ற ஒரே குடும்பம். ராமர் தாகத்தில் தவித்தபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரத்தைக் கொடுத்ததாம். அந்த வழக்குக்கு இன்னும் தீர்ப்பு வராததால் எங்கள் ஊர்ப் பையன்கள் தலைமுறை தலைமுறையாகப் புல் சுருக்கோடு அலைந்துகொண்டிருந்தார்கள். இங்கே நியூ சவுத் வேல்ஸில் இதை வளர்க்க அரசாங்கத்திடம் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்றேன். "வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கிட்டதும் இல்லாம, அதுக்குப் பணமும் கட்டுறியாக்கும்" என்று போனை வைத்துவிட்டாள்.

அப்பேர்ப்பட்ட அம்மா, ரெக்ஸ் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்ட அன்றைக்கே கட்சி மாறினாள்.

இந்த வருஷக் குளிரில் அது மூலையில் ஒடுங்கிப் படுத்தது. குளிர்காலத்தில் இந்த ஜாதி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தூங்குவது உண்டுதான். அதனால் தூங்கட்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் தூங்குகிற ஓணானுக்கு எடை அவ்வளவாகக் குறையாது. எங்களுடையது சமையலறைத் தராசில் 420 கிராமிலிருந்து 370க்கு வந்துவிட்டது. ஊர்வன பார்க்கிற டாக்டரம்மா கழிவைச் சோதித்துவிட்டு, வயிற்றில் கீரிப்பூச்சி மண்டியிருக்கிறது என்று மருந்து கொடுத்தார். மருந்து பூச்சியைக் கொன்றது. கூடவே மிச்சமிருந்த கொஞ்சநஞ்சப் பசியையும் கொன்றது.

"ஒண்ணுமே சாப்பிடலையா? ஐயோ பாவம், பச்சப்புள்ள!" என்றாள் அம்மா. கல்லால் அடிக்க வேண்டிய ஜீவன், ஒரு வேளை பட்டினி கிடந்ததும் பேரப்பிள்ளையாகிவிட்டது. நம் ஆட்களிடம் எந்தப் பகையும் இந்த ஒரு செய்தியைத் தாங்காது. ஜென்ம விரோதியாக இருந்தாலும் 'காலையிலிருந்து சாப்பிடல' என்று சொல்லிவிட்டால் போதும், இலை போட்டுவிடுவார்கள்.

யோசனைகள் வர ஆரம்பித்தன. வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடு என்று அம்மா. பருப்புத் தண்ணி என்று மாமியார். எதிர் வீட்டு யாழ்ப்பாணத்து அன்ரி வாசலிலேயே நின்றபடி, "ஒண்டும் தின்னேல்லையோ தம்பி? கொஞ்சம் புட்டைக் குழைச்சுக் குடுத்துப் பாருங்கோவன்" என்றார். அவகாடோ பழம் நல்ல கொழுப்பு என்றார் வென்ட்வொர்த்வில் கடையில் சந்தித்த ஒருவர். இதற்கு அது விஷம். என் காய்ச்சலுக்கு வந்த யோசனை ஒன்றே ஒன்று. "கஞ்சி அடுப்புல இருக்குங்க, சூடு பண்ணிக் குடிச்சிருங்க."

டாக்டரம்மா மட்டும் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "விளக்கடியில் எத்தனை டிகிரி?" என்றுதான் கேட்டார். பெட்டியில் ஒட்டியிருந்த வட்ட மீட்டர் 40 என்றது. துப்பாக்கி மாதிரி இருக்கிற தெர்மாமீட்டரை வைத்துச் சுட்டால் 31. இந்த ஜந்துவுக்குச் சொந்தச் சூடு கிடையாது. வெயில் காய்ந்தால்தான் குடல் அசையும். சூடு இல்லாமல் வயிற்றுக்குள் போகிற தீனி செரிக்காமல் உள்ளேயே அழுகும். அதனால் முதலில் சூடு, அப்புறம் தண்ணீர், அதற்கும் அப்புறம்தான் தீனி, அதுவரை யாரும் எதையும் வாயில் திணிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். புற ஊதா டியூபையும் மாற்றச் சொன்னார். வெளிச்சம் பளிச்சென்று வரும், ஆனால் ஆறு மாதம் ஒரு வருஷத்தில் அந்தக் கதிர் தீர்ந்துபோயிருக்குமாம். எரிந்துகொண்டே வேலை பார்க்காமல் இருக்கிற வித்தை டியூப் லைட்டுக்கும் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சூடு இதை எவ்வளவு ஆட்டிவைக்கிறது என்றால், ஆணா பெண்ணா என்பதையே அது மாற்றிவிடும். முட்டை 32 டிகிரிக்கு மேல் அடைகாக்கப்பட்டால் மரபணுப்படி ஆணாக வேண்டியது பெண்ணாகப் பொரிந்து வரும். காட்டிலும் இது நடக்கிறது என்று கான்பெரா பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2015இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அம்மாவிடம் சொன்னேன். "அதெல்லாம் இருக்கட்டும், சாப்பிட்டுச்சா?" என்றாள்.

ஆக, மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து ஹீட்டரை அணைத்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் ஸ்வெட்டரும் குல்லாவுமாக நடுங்க, ரெக்ஸ் தன் கல்லின் மேல் 41 டிகிரியில் சப்பையாகப் படுத்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. தினம் வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல் வேறு. குளிப்பாட்டியவன் நான், காய்ச்சலோடு.

அப்புறம் கரப்பான்பூச்சி. வுட்டி என்று ஒரு ஜாதி, பிராணிக் கடையில் பிளாஸ்டிக் டப்பாவில் விற்கிறார்கள். கரப்பானைக் கொல்லக் காசு கொடுத்து ஆள் கூப்பிட்ட அதே வீட்டுக்கு, காசு கொடுத்துக் கரப்பான் வாங்கி வருகிறோம். வாங்கி வந்ததும் அவற்றுக்குக் கேரட் போட வேண்டும். கரப்பான் தின்றால்தான் அதைத் தின்கிற ஓணானுக்குச் சத்தாம். பிறகு ஒரு பையில் போட்டுக் கால்சியம் பொடியைத் தூவிக் குலுக்க வேண்டும், பொடி இட்லி மாதிரி. ஓணானின் இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள தூரத்தைவிட நீளமான பூச்சியைக் கொடுக்கக் கூடாது என்று சட்டம். மகன் ஸ்கேலோடு கரப்பானை அளக்கிறான். அவன் கணக்கு நோட்டைத் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று கேட்டால் என் மனைவிக்குக் கோபம் வருகிறது.

பொடி போட்ட கரப்பானை இடுக்கியில் பிடித்துக்கொண்டு வீடே பெட்டி முன்னால் நின்றது. "ஒரே ஒரு வாய்." "அண்ணனுக்கு ஒரு வாய்." போனில் அம்மா, "கடைசி வாய், என் கண்ணுல்ல." முதல் வாயே போகவில்லை, அதற்குள் கடைசி வாய்.

இந்தக் கடைசி வாயைப் பற்றிப் பேசாமல் மேலே போக முடியாது. 'கடைசி உருண்டையிலதான் சத்தெல்லாம் இருக்கு' என்று உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். எனக்கு இன்னும் அந்தக் கணக்கு பிடிபடவில்லை. சத்தெல்லாம் கடைசி உருண்டையில் என்றால் முன்னால் கொடுத்த உருண்டையெல்லாம் எதற்கு? கடைசி உருண்டையை எடுத்து முதலிலேயே கொடுத்துவிடலாமே? கொடுத்தால் அது முதல் உருண்டை, சத்து இருக்காது. அப்படியானால் சத்து சோற்றில் இல்லை, வரிசையில் இருக்கிறது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும். கடைசி என்று யார் முடிவு செய்வது? ஏழாவது உருண்டையோடு நான் எழுந்துவிட்டால் ஏழாவதுதானே கடைசி, சத்து இறங்கியிருக்க வேண்டுமே? இறங்காது. தட்டில் எட்டாவது இருக்கிறது, சத்து அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. எட்டைத் தின்றால் சட்டியைச் சுரண்டி ஒன்பது வரும். சாப்பிடுகிறவன் கையில் சிக்காமல் எப்போதும் ஓர் உருண்டை முன்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிற சத்து அது. என் தம்பி ஒருநாள், மற்றதெல்லாம் வேண்டாம், கடைசி உருண்டை மட்டும் கொடு என்று கேட்டு முதுகில் வாங்கினான். கல்யாணப் பந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி உருண்டை மோர்ச் சோறு. அப்படியென்றால் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், அவியல், பாயசம் அத்தனையும் சக்கை. இந்த ரகசியம் சமையல் காண்டிராக்டர்களுக்குத் தெரிந்தால் ஓர் அண்டா மோரோடு மண்டபத்துக்கு வந்துவிடுவார்கள். அண்டாவுக்கு என்று பார்த்தால் கடைசிக் கரண்டி சமையல்காரருக்குப் போகிறது. ஊர்ச் சத்தெல்லாம் அவர் வயிற்றில் இருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதுகூடப் போகட்டும். ஹோட்டலில் கடைசி இட்லியை மனைவி என் தட்டில் தள்ளும்போது "சத்து" என்பாள். கடைசி வடையை அவளே எடுத்துக்கொள்ளும்போது அந்தப் பேச்சே வராது. கரப்பான் டப்பாவிலும் பார்த்துவிட்டேன். கடைசியாக மிஞ்சுகிற கரப்பான், முட்டை அட்டையின் மடிப்புக்குள் பதுங்கியிருந்து, மூடியைத் திறந்ததும் ஃபிரிட்ஜுக்கு அடியில் ஓடிவிடுகிறது. அம்மா சொன்ன சத்து உண்மையில் எங்காவது இருக்கிறது என்றால் அதன் கால்களில் இருக்கிறது.

எங்கே விட்டேன்? இடுக்கி. மேலேயிருந்து கை வந்தால் இதற்குக் கழுகு வருகிற மாதிரிதான். உச்சந்தலையில் பொட்டு மாதிரி மூன்றாவது கண் ஒன்று உண்டு. உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் தெரியும். நிழல் விழுந்தால் ஆபத்து. அந்தக் கண்ணுக்கு நேர் மேலே, அன்பு மிகுதியால், ஒரு குடும்பமே நிழல் கட்டி நின்றுகொண்டிருந்தது. கையைத் தாழ்த்தி, பக்கவாட்டில் கொண்டுபோங்கள், அதைவிட உத்தமம் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதை நான் சொன்னேன். நகர்வதா? சாப்பிடாத பிள்ளையை விட்டுவிட்டு நகர்ந்தவர் நம் சரித்திரத்தில் யாராவது உண்டா?

பிறகு ஒரு சனிக்கிழமை. வீட்டில் எல்லாரும் பிறந்தநாள் விருந்து ஒன்றுக்குப் போயிருந்தார்கள். எனக்குக் காய்ச்சல், போர்வைக்குள் கிடந்தேன். அன்றைக்குத்தான் அது முதன்முதலாகச் சாப்பிட்டது. பொடி போட்ட கரப்பான் ஒன்று, மஞ்சள் பூசணித் துருவல் கொஞ்சம். மனைவி திரும்பி வந்து, காலையில் தான் நேர்ந்துகொண்டதால் என்றாள். அம்மா, தான் போனில் கெஞ்சியதால் என்றாள். அன்ரி புட்டு என்றார். புட்டு பெட்டிக்குள் போகவே இல்லை, நான்தான் தின்றேன். சித்தப்பாவுக்குத் தெரிந்தால் அவரும் ஏதாவது வைத்திருப்பார்.

அன்றைக்கு உண்மையில் என்ன நடந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் பக்கத்தில் இருந்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆனால் இப்போது வேறு ஒரு வேலை. பூச்சி முழுசாகப் போயிற்றா என்று பார்க்க மறுபடியும் கழிவு வேண்டுமாம், புதுசாக. உடனே கொண்டுவர முடியாவிட்டால் மூடியுள்ள டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்றார்கள். மாவும் மல்லிகைப்பூவும் இருக்கிற ஃபிரிட்ஜில் அது நுழைந்தால் தான் வெளியேறுவதாக மனைவி சொல்லிவிட்டாள். எனவே அது வந்த சூட்டோடு காரில் ஓட வேண்டும், ஓடுகிறவன் நான். 'சாப்பிட்டுச்சா' என்று கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் இப்போது 'போயிருச்சா' என்று கேட்கிறார்கள். அம்மா காலையிலேயே கூப்பிட்டுவிட்டாள். "வெளக்கெண்ணெய் ஒரு சொட்டு..." என்று ஆரம்பித்தாள். சார்ஜ் இல்லை என்றேன்.

மகன் உள்ளே இருந்து கத்துகிறான். இருங்கள், டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்துவிடுகிறேன்.