நல்ல ஜாக்கியை ரிப்பேர் செய்த கதை

சித்தேரியில் டிராக்டர் மக்கர் செய்தால் மலை இறங்கி அரூர் போயாக வேண்டும். அதனாலேயே இங்கே டிராக்டர் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அரை மெக்கானிக். நான் கால் மெக்கானிக்.

எங்கள் டிப்பர் டிரெய்லர் ரொம்பப் பழசு. குச்சிக்கிழங்குக் காட்டுக்கு எரு அடிக்கும்போது அதற்கு ஒரு புது வியாதி வந்தது. தொட்டியைத் தூக்கி லீவரை விட்டால் நிற்காது, மெல்ல மெல்லத் தானாக உட்காரும். "ஜாக்கில சீல் போச்சு" என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. துடைத்துப் பார்த்தால் வெளியே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அப்படியானால் உள்ளே கசிகிறது என்று முடிவுகட்டினேன்.

அந்த ஜாக்கியில் உள்ளே கசிய இடமே கிடையாது. கீழிருந்து எண்ணெய் ஏறித் தண்டைத் தள்ளும், இறக்குவதற்குத் தொட்டியின் எடையே போதும். சீல் இருப்பது தண்டு வெளியே வரும் வாயில் மட்டும்தான். அது போயிருந்தால் எண்ணெய் வெளியே வழிந்தே தீரும். வெளியே ஒழுகாமல் தொட்டி இறங்குகிறதென்றால், எண்ணெய் வந்த வழியே வால்வைத் தாண்டி டேங்குக்குத் திரும்புகிறது. பிஸ்டன் சீலைத் தாண்டி உள்ளுக்குள் கசிவதெல்லாம் இரண்டு பக்கமும் எண்ணெய் வாங்கும் சிலிண்டரில். இவ்வளவும் இப்போது தெரிகிறது.

கழற்றிவிட்டேன். சீல் வாங்கப் போவதற்குள் மழை பிடித்தது, பிறகு சாமை அறுவடை. தண்டு தாழ்வாரத்தில் சாரலில் கிடந்து, பளபளத்த குரோம் மேல் துருப்புள்ளி கண்டது. நகத்தால் இழுத்துப் பார்த்து, நகம் மாட்டினால் அந்தத் தண்டு புது சீலையும் கிழிக்கும் என்று அர்த்தம். மாட்டியது. நான் உப்புத்தாளை எடுத்து நீளவாக்கில் தேய்த்தேன். புள்ளி போகவில்லை, எண்ணெய் வெளியே வர வாய்க்கால் வெட்டிக் கொடுத்ததுதான் மிச்சம்.

அடுத்து சீல். அதன் உதடு எண்ணெய்ப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். அழுத்தம் ஏற ஏற உதடு விரிந்து தண்டைக் கவ்வும். 1795-ல் லண்டனில் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கிய ஜோசப் பிராமாவைப் படுத்தியதும் இந்த ஒழுகல்தான். அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே, இதே தத்துவத்தில் தோல் வாஷர் போட்டு அதை அடக்கினார் என்பார்கள். அந்த உதட்டைத்தான் நான் வெளிப்பக்கம் பார்த்து மாட்டினேன், தூசி போகாதாம்!

லீவரைத் தட்டியதும் எண்ணெய் சட்டையில் பீய்ச்சியது. தொட்டி அப்போதும் இறங்கத்தான் செய்தது.

அரூர் லேத் பட்டறைக்காரர் தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முன்னாடி இதுல ஒழுகுச்சா தம்பி?"

"இல்லீங்ணா."

"அப்புறம் எதுக்குக் கழட்டின?"

வால்வைக் கொண்டுவரச் சொன்னார். பிரித்தார். உட்காரும் இடத்தில் கடுகளவு மண் சிக்கியிருந்தது. டீசலில் கழுவி, காற்றடித்துக் கையில் கொடுத்தார். அதற்குக் கூலி வாங்கவில்லை. தண்டை மட்டும் கிரைண்டிங் செய்து, ஹார்டு குரோம் போட சேலத்துக்கு அனுப்பினார். அதற்குப் பில் வந்தது.

வீட்டில் கேட்டார்கள். பழைய ஜாக்கி, தேய்ந்துபோச்சு என்று சொல்லிவைத்திருக்கிறேன்.