பெல்ட் வேண்டி ஒரு விண்ணப்பம்

பெறுநர்: தொழில்முறைக் குத்துச்சண்டையில் உலகப் பட்டம் வழங்கும் டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. ஆகிய நான்கு அமைப்புகளின் தலைவர்கள்

ஐயன்மீர்,

அரங்குகளில் கூட்டம் குறைகிறது என்று யாரோ தங்கள் காதில் போட்டுவிட்டார்களாம். நம்பாதீர்கள். பட்டம் குறைந்தால்தானே கவலை? 1926இல் பிலடெல்பியாவில் டெம்ப்சி–டன்னி சண்டையை 1,20,000 பேர் மழையில் நனைந்துகொண்டு பார்த்தார்கள். பாவம், அன்று இருந்தது ஒரே பட்டம். எட்டு முக்கிய எடைப் பிரிவு, பெரும்பாலும் பிரிவுக்கு ஒரு சாம்பியன். தெருவில் யாரைக் கேட்டாலும் பெயர் சொல்வார்கள். இன்று 17 பிரிவு, நான்கு அமைப்பு, 68 பெல்ட். போதாக்குறைக்கு சூப்பர், இடைக்காலம், வெள்ளி, வைரம். நம்மூர் விழா மேடையில் பொன்னாடை போர்த்துபவர்கூட இத்தனை தாராளம் காட்டமாட்டார். அவருக்கு ஜவுளிக்கடை பாக்கி இருக்கிறது. தங்களுக்கோ பெல்ட்டுக்குப் பெல்ட் வீரரின் சம்பளத்தில் சுமார் 3 சதவீதம் வரவு.

2025 மே மாதம் ரியாத்தில் நடந்ததைத்தான் மறக்க முடியவில்லை. கட்டாயப் போட்டியாளரான ஸ்கல்லோடு மோதவில்லை என்று 2024இல் சாம்பியன் கனெலோ அல்வாரெஸிடமிருந்து ஐ.பி.எஃப். பெல்ட்டைப் பறித்தீர்கள். பிறகு ஸ்கல்லே அதை வென்றார். பறித்ததைத் திரும்ப வாங்க, மிச்ச மூன்றையும் சுமந்துகொண்டு கனெலோ மேடையேறினார். அமெரிக்காவில் சனி இரவாக இருக்க வேண்டுமே, அதனால் ரியாத்தில் ஞாயிறு விடியற்காலை! 12 சுற்றில் இருவரும் சேர்ந்து விட்ட குத்துகள் 445. ஆளுக்கு நிமிடத்துக்கு ஆறு. கொசு அடிப்பவர்கூட இதைவிடச் சுறுசுறுப்பு. முழு 12 சுற்று நடந்த சண்டைகளில், கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து இதுவே மிகக் குறைவாம். நான்கு பெல்ட்டுக்குமான கட்டணம் மட்டும் குறைந்திருக்காது.

அதே ஆண்டு ஜூலையில் வெம்பிளியில் உசிக்–டுபுவா சண்டைக்கு 90,000 பேர் வரவில்லையா என்பீர்கள். வந்தார்கள், ஹெவிவெயிட்டில் ஒரே சாம்பியன் யாரென்று தெரிந்துகொள்ள. முந்தைய ஆண்டு உசிக் நான்கு பெல்ட்டையும் சேர்த்த மறுமாதமே ஒன்று டுபுவாவுக்குக் கைமாறாமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. இந்தக் குழப்பத்தைக் காட்டிக்கொண்டிருந்த அமெரிக்க டிவி நிறுவனங்களில் எச்.பி.ஓ. 2018இலும் ஷோடைம் 2023இலும் குத்துச்சண்டைக் கடையைக் கட்டின. விவரம் தெரியாதவர்கள்.

ஆகவே, பட்டங்களை ரசிகர்களுக்கும் விரிவுபடுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். அரங்குக்கு வருபவர் ‘சூப்பர் ரசிகர்’, காசு கட்டி டிவியில் பார்ப்பவர் ‘வெள்ளி’, என்னைப்போல மறுநாள் யூடியூபில் சுருக்கம் பார்ப்பவர் ‘இடைக்கால ரசிகர்’. கட்டணம் 3 சதவீதமா? சம்மதம். இதுவரை நான் செலவழித்தது பூஜ்யம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கட்டாயப் போட்டியாளர் வேண்டுமென்றால் என் மைத்துனர் இருக்கிறார். அவர் கிரிக்கெட் தவிர எதையும் பார்ப்பதில்லை. நான் அசந்த நேரம் பெல்ட்டைப் பறித்து அவரிடமே கொடுத்துவிடலாம்.

இடுப்பளவு 38. ஒரு ஓட்டை கூடுதலாகப் போட்டு அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் ரசிகன் (இடைக்காலம்)