அப்பத்தாவைக் கொன்ன பட்டறை

வா பேராண்டி, இங்கிட்டு உக்காரு. அந்தப் பக்கம் கட்டில் கால் ஆடும். மெட்ராசுக்கு ராத்திரி பஸ் ஏறிப் போயி, இலக்கியத் திருவிழாவுல ரெண்டு நாள் ‘படைப்பெழுத்துப் பட்டறை’யில உக்காந்து, கழுத்துல கயிறு கட்டுன அட்டையோட வந்து இறங்கியிருக்க. நம்ம குடும்பத்துல இதுக்கு முன்னாடி கழுத்துல கயிறோட நின்னது செவலைக் காளை ஒண்ணுதான். சந்தோசம்டா.

பட்டறைன்னதும் எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோச்சு. நானும் பட்டறைக்காரன்தானே? பதினஞ்சு வயசுல நல்லாம்பட்டிப் பூட்டுப் பட்டறைக்குள்ள நுழைஞ்சவன். மொத மூணு மாசம் ஆசாரி என்னை டீ வாங்க மட்டும்தான் அனுப்புனாரு. அப்புறம் ஆறு மாசம் சாவி ராவ விட்டாரு. அரம் பிடிச்சு பிடிச்சு வலது கட்டைவிரல் இன்னைக்கும் நேரா நிக்காது, பாரு. லீவரைத் தொட ஒரு வருசம் ஆச்சு. நீ சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு உள்ள போயி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எழுத்தாளனா வெளிய வந்துட்ட. நடுவுல டீயும் அவய்ங்களே வாங்கிக் குடுத்திருக்காய்ங்க. எங்க காலத்துல பொறந்தது எங்க தப்புத்தான்.

ஆயிரத்து ஐநூறு ரூவா கட்டணத்தை நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஒரு மூட்டை மாட்டுத் தீவனம். மாடு ரெண்டு வாரம் வைக்கோலைத் தின்னுச்சு, இலக்கியத்துக்காக. ஆனா மதியம் ‘திண்டுக்கல் பிரியாணி’ன்னு போர்டு வச்சு பாசுமதியில போட்டாய்ங்கன்னு சொன்ன பாரு, அங்கதான் எனக்கு அந்தப் பட்டறை மேல சந்தேகம் தட்டுச்சு. சீரகச் சம்பா இல்லாம நம்ம ஊர் பேரைப் போடுறவய்ங்க, உனக்கு எதார்த்தம் சொல்லிக்குடுக்கிறாய்ங்க.

திருவிழாவே வேணாம்னு சொல்ற ஆள் இல்ல நான். 2022 நவம்பர்ல திருநெல்வேலியில பொருநைன்னு ஆரம்பிச்சு, வைகை, காவிரி, சிறுவாணின்னு ஆத்துப் பேரா வச்சு அரசாங்கமே இலக்கியத் திருவிழா நடத்துனப்போ, நானும் பேப்பர்ல படிச்சுப் பெருமைப்பட்டேன். நம்ம குடகனாத்துப் பேர்ல ஒண்ணு வைக்கலையேன்னு ஒரு சின்ன வருத்தம். வச்சா மேடைக்குத் தோல் ஷாப்பு வாடை வரும்னு விட்டுட்டாய்ங்களோ என்னவோ. நம்ம ஊர்லயே வருசா வருசம் புத்தகத் திருவிழா நடக்குது. நான் போவேன். ஸ்டால் ஸ்டாலா நடந்து, எல்லாப் புத்தகத்தையும் முகர்ந்து பார்த்துட்டு, ஒண்ணு வாங்கிட்டு, மிளகாய் பஜ்ஜி தின்னுட்டு வருவேன். கூட்டமும் பஜ்ஜிக்கடையிலதான் நிக்கும்.

உன் நோட்டை நேத்து நீ தூங்குனப்போ எடுத்துப் பார்த்தேன். கோவிச்சுக்காத. மொத பக்கத்துல ‘ஷோ, டோன்ட் டெல்’னு பெருசா எழுதி, ரெண்டு கோடு போட்டு, பக்கத்துல நட்சத்திரமும் வரைஞ்சிருக்க. சொல்லாதே, காட்டுன்னு அர்த்தமாம். நம்ம மாட்டுச் சந்தைக்கு ஒரு நாள் வந்தியா? தரகரு துண்டைப் போட்டு மூடி, அதுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுறாரு. சொல்றதும் கிடையாது, காட்டுறதும் கிடையாது. ஆனா மாடு கைமாறுது, சுத்தி நிக்கிறவனுக்கு நெஞ்சு அடிச்சுக்குது. உன் வாத்தியாரு அதுல பாதி தூரம்தான் வந்திருக்காரு.

இந்தக் கல்வி எங்கிருந்து வந்துச்சுன்னு உன் செல்போன்லயே தேடிப் பார்த்தேன். அமெரிக்காவுல அயோவான்னு ஒரு சீமை. கண்ணுக்கெட்டுன மட்டும் மக்காச்சோளம். அங்க பல்கலைக்கழகத்துல 1936-லயே கதை எழுதப் பட்டறை வச்சுட்டாய்ங்க, அதுக்குப் பட்டமும் உண்டு. நம்ம ஒட்டன்சத்திரம் பக்கமும் மக்காச்சோளம்தான் போடுறோம். நமக்கு அது கோழித் தீவனமாப் போவுது, அங்க எழுத்தாளனா வருது. மண்ணு வாகு. 2018-ல நம்ம மக்காச்சோளத்துல ஒரு புழு விழுந்து குருத்தையே தின்னுச்சே, அமெரிக்கன் படைப்புழு, அதுவும் அந்தக் கண்டத்துச் சரக்குதான். படைப்புழுவும் படைப்புப் பட்டறையும் ஒரே திசையிலருந்து வந்திருக்கு. புழுவுக்கு மட்டும் மருந்து இருக்கு.

ஆனா அந்த அயோவாக்காரய்ங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டாம். ஒருத்தன் கதையை மத்தவய்ங்க எல்லாம் சேர்ந்து கிழிக்கும்போது எழுதுனவன் வாயைத் திறக்கக் கூடாது. அது ரொம்பப் பிடிச்சுது எனக்கு. உன் பட்டறையில அப்படி இல்லையாம். ஆளாளுக்கு எந்திரிச்சு, கதையைவிட நீளமா விளக்கம் சொல்லி, கைதட்டு வாங்கிட்டு உக்காந்தாய்ங்களாம்.

சரி, விசயத்துக்கு வர்றேன். உங்க செட்டுல பன்னிரண்டு பேரு எழுதுன கதையைத் தாளடிச்சுக் குடுத்திருக்காய்ங்களே, அம்புட்டையும் படிச்சேன். கண்ணாடியைத் துடைச்சு ரெண்டு தடவை எண்ணுனேன். பன்னிரண்டுல ஒம்பது கதையில பாட்டி செத்துட்டா. அதுல ஆறு கதையில வெளிய மழை. நாலு கதையில சுருக்குப்பை. எல்லாக் கதையும் நடுவுல ஆரம்பிச்சு, பின்னாடி போயி, கடைசியில மழை நிக்குது.

பட்டறையில எங்க ஆசாரி ஒண்ணு பண்ணுவாரு. சாயங்காலம் முடிச்ச பூட்டையெல்லாம் வரிசையா கம்பியில மாட்டித் தொங்கவிடுவாரு. ஒரு பூட்டோட சாவியை எடுத்து பக்கத்துப் பூட்டுல விடுவாரு. திரும்பலைன்னா அடுத்ததுல, அதுக்கடுத்ததுல. எங்கயாவது ‘டக்’குன்னு திறந்துச்சுன்னா ரெண்டு பூட்டையும் எங்க முன்னாடியே பிரிச்சு, லீவரை எல்லாம் தகரத் தட்டுல கொட்டிட்டு, பேசாம பீடி பத்த வைப்பாரு. ஒரு வார்த்தை திட்ட மாட்டாரு. அந்தத் தட்டுல பித்தளை விழுற சத்தம் இருக்கே, அதுக்குத் திட்டே தேவலை. உங்க பன்னிரண்டு கதையும் ஒரே சாவியில திறக்குதுடா பேராண்டி. அதுக்கு உங்க வாத்தியாரு ‘அருமை, அருமை’ன்னு கையெழுத்துப் போட்டிருக்காரு.

ஒரு மணி நேரத்துல பஸ்ல போற ஊரு வத்தலக்குண்டு. உனக்கு அது கொடைக்கானல் போறப்போ பஸ் மாறுற இடம். அந்த ஊருக்காரய்ங்க மூணு பேரைச் சொல்றேன், கேளு. ராஜமய்யர். இருபத்தொண்ணு வயசுல, 1893-ல, ‘விவேக சிந்தாமணி’யில ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுத ஆரம்பிச்சாரு. தமிழ்ல நாவல்னு ஒண்ணு நடக்கப் பழகிக்கிட்டிருந்த காலம். எழுதச் சொல்லிக்குடுக்க யாரு இருந்தா? அந்த நாவல்ல ஒரு வாத்தியாரு வருவாரு, ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை. தமிழ்ல கடல், உலக விசயத்துல கட்டுமரம்கூட இல்லாதவரு. அவரு வர்ற இடமெல்லாம் நான் சிரிச்சு உங்க அப்பத்தாகிட்ட வாங்கிக் கட்டியிருக்கேன். இருபத்தொண்ணு வயசுப் பையன், வாத்தியாரை அப்படிக் கூர்ந்து பார்த்து வச்சிருக்கான். நீ ரெண்டு நாள் முழுக்க ஒரு வாத்தியாருக்கு எதிர்ல உக்காந்திருந்த. அவரு பேசும்போது மூக்கைச் சொறிஞ்சாரா, மைக்கைத் தட்டுனாரா, அவரோட அவார்டு சேதியை எத்தனை தடவை ‘தற்செயலா’ச் சொன்னாரு? உன் நோட்டுல ஒரு வரி இல்ல. ‘கான்ஃப்ளிக்ட்’னு எழுதி அம்புக்குறி போட்டிருக்க. ராஜமய்யர் 1898-ல இருபத்தாறு வயசுல போயிட்டாரு. உனக்கு இப்ப இருபத்தேழு. பதறாத, கணக்குக்குச் சொன்னேன்.

ரெண்டாவது பி.எஸ். ராமையா. உப்புச் சத்தியாக்கிரகத்துல ஜெயிலுக்குப் போனவரு. 1935-லருந்து ‘மணிக்கொடி’யைச் சிறுகதைப் பத்திரிகையா நடத்துனாரு. பட்டறைன்னா அதுதான் பட்டறை, போர்டு மட்டும்தான் கிடையாது.

மூணாவது ஆளு சி.சு. செல்லப்பா. பிடிவாதக்காரரு. எனக்குப் பிடிச்ச ஆளு. 1959-ல ‘எழுத்து’ன்னு பத்திரிகை ஆரம்பிச்சு பத்து வருசத்துக்கு மேல இழுத்தாரு. புதுக்கவிதைன்னாலே ஊரு சிரிச்ச காலத்துல, யாரு என்னன்னு தெரியாத பையன்களோட கவிதையைப் போட்டாரு. கடல் தாண்டித் திருக்கோணமலையிலருந்து தருமு சிவராமு எழுதுனாரு. போட்டதோட விட்டாரா? அது ஏன் கவிதை, இது ஏன் கவிதை இல்லைன்னு பக்கம் பக்கமாச் சண்டை போட்டாய்ங்க. கட்டணம் வாங்கலை. பதிலுக்குப் புத்தக மூட்டையைத் தோள்ல சுமந்து காலேஜ் காலேஜாப் போயி அவரே வித்தாரு. மாணவன் காசு கட்டி வாத்தியாரைத் தேடிப் போற காலம் இது. அது வாத்தியாரு மூட்டை தூக்கி மாணவனைத் தேடிப்போன காலம்.

அவரோட ‘வாடிவாசல்’ மாடத்துல இருக்கு, எடுத்துப் படி. நூறு பக்கத்துக்குள்ள முடிஞ்சுபோகும். ஒரே ஒரு சாயங்காலம், ஒரு சல்லிக்கட்டு. அதுல ஒரு கிழவன் வருவான். வாடிவாசல் ஓரமா நின்னுக்கிட்டு, எந்த மாடு எப்படி, எவன் எப்படிப் பிடிப்பான்னு பேசிக்கிட்டே இருப்பான். உங்க பட்டறையில அதைக் குடுத்திருந்தா ‘இந்தப் பாத்திரம் கதை நகர்வுக்கு உதவலை, வெட்டுங்க’ன்னு சிவப்பு மையில எழுதியிருப்பாய்ங்க. கிழவனுங்களை வெட்டுறதுல அப்படி என்ன சுகமோ.

செல்லப்பா 1998-ல காலமானாரு. ‘சுதந்திர தாகம்’ நாவலுக்குச் சாகித்ய அகாதமி விருது 2001-ல வந்துச்சு. நம்ம பூட்டுக்கும் அதே கதைதான். அலிகார் மிஷின் பூட்டு வந்து நம்ம பட்டறை ஒவ்வொண்ணா ஷட்டரை இறக்குன பிறகு, 2019-ல புவிசார் குறியீடு குடுத்தாய்ங்க. நம்ம சீமையில மாலைன்னா மூச்சு நின்னதும்தான் வரும். உன் பாடு தேவலை, சர்ட்டிபிகேட் ஞாயித்துக்கிழமையே கைக்கு வந்துருச்சு. லேமினேசன் பண்ணி, டிவிக்கு மேல, உங்க அப்பத்தாவோட விபூதித் தட்டுக்குப் பக்கத்துல மாட்டு.

எழுதச் சொல்லிக்குடுக்கவே கூடாதுன்னு நான் சொன்னதா ஊரெல்லாம் சொல்லித் திரியாத. ரா.கி. ரங்கராஜன் தபால்லயே கதை எழுதச் சொல்லிக்குடுத்தாரு, ‘எப்படிக் கதை எழுதுவது?’ன்னு புத்தகமும் ஆச்சு. இடைசெவல் சம்சாரி கி. ராஜநாராயணன், பெரிய படிப்பு ஒண்ணும் இல்லாதவரு, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கே பேராசிரியராப் போனாரு. அரம் பிடிக்க ஒருத்தன் கையைப் பிடிச்சுக் காட்டத்தான் வேணும். எனக்கும் ஆசாரி காட்டுனாரு. காட்டிட்டு, கிளம்பி வீட்டுக்குப் போயிடலை. மறுநாள் காலையிலயும் வந்து நின்னாரு.

அதனால கிழவன் சொல்ற யோசனை இது. தாடியை விடு, நல்லா இருக்கு. ஜோல்னாப் பையும் ஒண்ணு வாங்கிக்க, வர்றப்போ கத்திரிக்காய் வாங்கியாரத் தோதா இருக்கும். அடுத்த வருசம் திருவிழாவுக்கு நீயே ஒரு பட்டறை நடத்து. எழுதறதுல காசு கிடையாது, எழுதச் சொல்லித் தர்றதுல இருக்குன்னு உன் வாத்தியாரு சட்டையைப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டேன். அங்க பன்னிரண்டு பேர்கிட்டயும் ‘நீ கடைசியா யாரு கதையைப் படிச்ச?’ன்னு மட்டும் கேட்டுறாத. ஹால் காலியாயிரும்.

அப்புறம் அந்த உன் கதை. ‘ஈரம்’னு பேரு வச்சிருக்க. உங்க அப்பத்தாவை மூணாம் பாராவுலயே சாகடிச்சுட்ட. ஐப்பசி மழை, சாணி மெழுகுன திண்ணை, பேரன் மெட்ராஸ்ல இருந்து வர்றதுக்குள்ள உசுரு போயிருச்சு. ஏண்டா, நம்ம வீட்டுத் திண்ணைக்கு டைல்ஸ் ஒட்டி எட்டு வருசமாச்சு. நம்ம பக்கம் அப்படியாடா மழை கொட்டுது? ஐப்பசியிலயும் வானத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்குற ஊருடா இது. செத்தவ அந்தா அடுப்படியில வெங்காயம் உரிச்சுக்கிட்டிருக்கா. கண்ணுல தண்ணி அதனாலதான், நீ ஒண்ணும் பெருமைப்பட்டுக்காத. நேத்து ராத்திரி அவளுக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டிட்டேன். படிக்கும்போது ஒண்ணும் சொல்லலை. விளக்கை அணைச்சதுக்கு அப்புறம், “எனக்கு என்ன வியாதியாம்?”னு கேட்டா. கதையில போடலைன்னேன். “வியாதி சொல்லாம எப்படிச் சாவுறது?”ன்னு திரும்பிப் படுத்துட்டா.

இந்தா, வர்றா. காப்பியைக் கையில வாங்கு.

“ஏண்டா தம்பி, நான் செத்தப்போ காதுல தோடு கிடந்துச்சா?”

கேக்குறால்ல, சொல்லு. முழிக்கிறான் பாரு.

“எட்டுக்கல்லுத் தோடுடா. எங்க ஆத்தா போட்டது. தூக்குறதுக்கு முன்னாடி யாரு கழட்டுனா? உங்க பெரியத்தையா, சின்னத்தையா? பெரியவ கழட்டியிருந்தா சின்னவ எழவு வீடுன்னும் பார்க்க மாட்டா. சின்னவ கழட்டியிருந்தா பெரியவ அழுதுக்கிட்டே திருகாணியை எண்ணுவா. எங்க மாமியா போனப்போ என்ன நடந்துச்சுன்னு உங்க தாத்தாவைக் கேளு, அந்தாளு சொல்ல மாட்டாரு. ஒரு தோடு இன்னைக்கு வரைக்கும் கிடைக்கலை...”

எங்கடா எந்திரிக்கிற? பேனா எடுக்கவா? உக்காரு. அவ இன்னும் முடிக்கலை.